போங்கோவும் போட்டு வாங்கோவும்

பெரிய புத்தகம் அது. பக்கத்தின் நடுவில் கொஞ்சம் எழுத்து, அதைச் சுற்றிலும் பொடி எழுத்து. தொண்ணூறுகளில் சுவிஸில், டாவோஸில் யூத விருந்தினர் தங்கும் ஒரு ஹோட்டலில் நான் கோப்பை கழுவினேன். அங்கே இறைச்சித் தட்டும் பால் தட்டும் முட்டக்கூடாது. அதைக் கண்காணிக்கிறவர் அடுப்பு மூட்டாமல் சமையல் தொடங்காது. நாங்கள் அவருக்கு ஐயர் என்று பெயர் வைத்திருந்தோம். என் வயதுதான். ஓய்வு கிடைத்தால் அந்தப் புத்தகமும் கையுமாக இருப்பார்.

அப்போது எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலையில் இருந்த என் அண்ணனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. நாங்கள் இருவரும் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, பஸ்ஸடியில் அப்பா “போட்டு வாங்கோ”, போய்விட்டு வாருங்கள், என்றார் என்பேன் நான். இல்லை, “போங்கோ” என்றுதான் சொன்னார் என்பார் அண்ணன். பயணம் போகிறவனிடம் யாழ்ப்பாணத்தில் யாராவது வெறும் “போ” என்பார்களா? சொன்னால் தலைமுழுகிவிட்டதாக அர்த்தம். நாங்கள் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. பிறகு அவரும் செத்துப்போனார், கேட்க ஆளில்லை. “தலைமுழுகின மனுசனுக்கு நான் ஏன் திவசம் செய்ய வேணும்?” என்று அண்ணன் கேட்ட நாளோடு நான் ஃபோன் எடுப்பதை விட்டேன். மூத்த பிள்ளை பேசுகிற பேச்சா அது!

ஒருநாள் ஐயர் முட்டைகளைக் கிளாசில் உடைத்து இரத்தப்பொட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அது என்ன புத்தகம் என்று கேட்டேன். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன்தான். அவர்களின் மதச் சட்ட விளக்கம் எல்லாம் முதலில் வாய்மொழியாகத்தான் வந்ததாம், எழுதக்கூடாது என்று விலக்கே இருந்ததாம். ரோமர்களோடு சண்டை வந்து அவர்களின் கோயில் எரிந்தது, கற்றவர்கள் செத்தார்கள், மிச்சச் சனம் சிதறியது. இப்படியே விட்டால் மறந்துபோகும் என்று பின்னாளில் ஒரு தலைவர் எல்லாவற்றையும் திரட்டித் தொகுத்தாராம். அதுதான் மிஷ்னா. பக்கத்தின் நடுவில் அதுவும் அதைப் பற்றிய வாதங்களும், சுற்றிலும் பின்னால் வந்தவர்களின் உரை. வாதத்தில் தோற்றவரின் கருத்தும் அவர் பெயரோடு உள்ளே இருக்கிறது என்றார்.

தோற்றதை ஏன் எழுதி வைத்தார்கள் என்று கேட்டேன்.

“நாளைக்கு வருகிறவனுக்கு அது தேவைப்பட்டால்?” என்றுவிட்டு அடுத்த முட்டையை உடைத்தார்.

அந்த ஞாயிறு ஒரு தாளின் நடுவில் ‘பஸ்ஸடியில் அப்பா சொன்னது’ என்று எழுதினேன். ஒரு பக்கம் அண்ணனின் பெயர் போட்டு ‘போங்கோ’. மறுபக்கம் என் பெயர் போட்டு ‘போட்டு வாங்கோ’. வேறொன்றும் எழுதாமல் அண்ணனுக்குத் தபாலில் போட்டேன். பதில் இல்லை. எக்கேடும் கெடட்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்பாவின் திவசத்துக்குத் திரிம்பாக் தமிழ்க் கோயிலுக்குப் போனால், அண்ணன் எனக்கு முன்பே வேட்டியோடு நிற்கிறார்!

“வந்திட்டீங்களோ அண்ணை?”

“ஓமடா” என்று அந்தத் தாளை என் கையில் திணித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐயர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. தாள் என் வீட்டில் அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. எது சரி என்று என் மகள் கேட்பாள். ஓரத்தில் அண்ணன் பொடி எழுத்தில் எழுதியதைக் காட்டுவேன்: ‘பஸ் இரைஞ்சது. எனக்கு வடிவாக் கேக்கேல்லை.’