தரையைப் பார்த்த கண்டக்டர்

ஓடுகிற பஸ்ஸில் இத்தனை வருஷம் கம்பியைத் தொடாமல் நடந்த மனிதர், சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கேட்டால் சிரிப்பு வரும்தான். அவர் எதிரில் மட்டும் சிரித்துவிடாதீர்கள், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. தரைமேல் இருந்த நம்பிக்கைதான் கூடவில்லை. குனிந்த தலை நிமிராமல், பாதத்தையே பார்த்துக்கொண்டு, அடிமேல் அடிவைத்து நடப்பார்.

"என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்பாள் மனைவி, தையல் மெஷினை விட்டு எழாமலே.

"நீ உன் ஊசியைப் பாரு."

அவர் வீட்டில் இருந்ததில் வீடே பஸ்ஸாகிவிட்டது. வாசலில் நின்று பேசும் மகளை "வழியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ" என்று விரட்டுவார். நலம் விசாரிக்க வந்த மச்சானைப் பார்த்து "பின்னாடி எடம் இருக்கு பாருங்க" என்றார். பாவம், மச்சான் சமையலறை வரைக்கும் போய்விட்டு வந்தார்.

டிப்போ மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஓடுகிற பஸ்ஸில் பின்வாசலிலிருந்து முன்வாசல் வரை பிடிமானம் இல்லாமல் நடந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் இனி ஆபீஸ் வேலைதான். வேறொருவராக இருந்தால் மின்விசிறிக்கு அடியில் உட்காரலாம் என்று குதித்திருப்பார். இவருக்கோ சோறு இறங்கவில்லை. "நாலு சுவத்துக்குள்ள என்னைப் போட்டா பைத்தியம் பிடிச்சிடும்மா" என்று மனைவியிடம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி தரும் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஐயா, காலைப் பாக்காதீங்க. குனிஞ்சு பாக்கப் பாக்க நடை சுருங்குது. ஊர்ந்து போனா உடம்பு இன்னும் அதிகமா ஆடும். எதிர்ல ஒரு முகத்தைப் பாத்துக்கிட்டு கொஞ்சம் வேகமா வாங்க."

"பாக்காமத்தானேம்மா விழுந்தேன்!"

"அது சோப்புத் தண்ணி, ஐயா!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சோதனை நாளன்று வழக்கமான தடத்தில், வழக்கமான கூட்டத்தோடுதான் பஸ் கிளம்பியது. டிக்கெட் கொடுக்க வேறொரு கண்டக்டர் இருந்தார். மேலாளர் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து இவரையே பார்த்தார். இவர் பின்வாசலில் கம்பியை விட்டார். கண் நேராகப் பாதத்துக்குப் போனது. ஒரு அடி, இன்னொரு அடி. வளைவு வந்ததும் உடம்பு ஒரு பக்கம் சாய, பாய்ந்து கம்பியைப் பிடித்தார். மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"போதும்ப்பா, உட்காருங்க. பரவாயில்ல."

அந்தப் "பரவாயில்ல" இருக்கிறதே, திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த நிறுத்தத்தில் முன்வாசல் வழியாகச் சிலர் ஏறினார்கள். பஸ் நகர்ந்ததும் முன்னாலிருந்து ஒரு பெண்குரல் பஸ்ஸே அதிரும்படி வந்தது.

"எங்கப்பா கண்டக்டரு? டிக்கெட் குடுக்குற எண்ணம் இருக்கா இல்லையா? ஓசியிலயே போயிடவா?"

ஓசி! அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் கண்டக்டர் இன்னும் பிறக்கவில்லை. இவர் தலை விருட்டென்று நிமிர்ந்தது. பேசியது யார் என்று முகம் முகமாகத் தேடிக்கொண்டே கிளம்பினார். "வழி விடுங்க, தள்ளி நில்லுங்க, அந்தப் பையை மடியில வைங்கம்மா!" பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது, திரும்பியது, பிரேக் போட்டது. கை கம்பியைத் தேடவில்லை, இடுப்பு தானாக வளைந்து கொடுத்தது. கால் இருக்கிற நினைப்பே அவருக்கு இல்லை.

கூட்டத்துக்கு நடுவே அந்த முகம் தெரிந்தது. அவர் மனைவி, கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். அப்போதுதான் தான் முன்வாசலுக்கு வந்துவிட்டது அவருக்குப் புரிந்தது.

"திங்கட்கிழமை வந்து சேருங்க" என்றார் மேலாளர், சிரிப்பை அடக்கமாட்டாமல். "யாரு இந்த அம்மா?"

கண்டக்டருக்கு வாயெல்லாம் பல், கண்ணெல்லாம் தண்ணீர்.

"டிக்கெட் எடுத்தியா?" என்றார் மனைவியிடம்.

"இல்ல."

"அப்போ அடுத்த ஸ்டாப்புல இறங்கு."