கீழ்வீட்டு அக்காவின் பேஜாரு

கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதம் கீழ்வீட்டு அக்காதான். கன்னடக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் தமிழக எல்லையோரக் கொள்ளேகால் என்பதால் தமிழும் பேசுவார். டியூட்டி முடிந்து வந்தால் உடையைக்கூட மாற்றாமல் மாடியேறி வந்து என்னோடு காபி குடிப்பார்.

தங்கையின் பிரசவத்துக்காகச் சென்னையில் அம்மா வீட்டுக்கு, ராயபுரத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். என் கணவரும் வெளியூர் வேலையில் இருந்ததால் அந்த மாதம் முழுக்க வீட்டுச் சாவி அக்காவிடம்தான் இருந்தது. தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டதும் கேஸ் சிலிண்டர் வாங்கி வைத்ததும் அவர்தான். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்:

"நீங்க போனதுல இருந்து எனக்கு ரொம்ப பேஜாரு ஆய்த்து."

எனக்கு முகம் சுண்டிப்போனது. ராயபுரத்தில் பேஜார் என்றால் தொல்லை, தலைவலி. பால்காரர் வராவிட்டால் பேஜார், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தால் பேஜார். இத்தனை வேலையை இவர் தலையில் கட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. பிறகு நான் கீழே போகவில்லை. அவர் கதவைத் தட்டினால், "குளிச்சிட்டிருக்கேன்க்கா" என்றேன். நாலாவது நாளிலிருந்து அவரும் தட்டவில்லை.

அடுத்த வாரம் ரவிக்கை வாங்கத் தெருமுனை டெய்லர் கடைக்குப் போனேன். வீட்டில் உருது பேசுகிறவர் அவர். எல்லா மொழியும் கலந்து பேசுவார். கடையில் கரண்ட் இல்லை.

"காலையில இருந்து சும்மா உக்காந்து பேஜார் ஆயிடுச்சு மேடம்" என்றார்.

"யாராவது தொல்லை பண்றாங்களா?"

அவர் விழித்தார். "தொல்லையா? எங்க பாஷையில பேஜார்னா சலிச்சுப் போறது. கன்னடக்காரங்களுக்கு அதுவே மனசு கஷ்டம். ஆள் இல்லாம வீடு வெறிச்சுனு கிடந்தாக்கூட பேஜாருன்னுதான் சொல்வாங்க."

ரவிக்கையை வாங்காமலே திரும்பி நடந்தேன். அக்கா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தொந்தரவுன்னா நான் சொன்னேன்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரும் இல்லாம ஒத்தையில காபி குடிச்சேன் கணே" என்றார், நம்ம ஊர் 'அடியே' மாதிரி. அடுத்த நிமிஷமே சிரித்து, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது. அன்றைக்கு அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் அம்மாவிடம் போனில், "உன்னப் பாக்காம ஒரே பேஜாரா இருக்கும்மா" என்றேன், நினைக்காமலே.

"நான் என்னடி உன்ன பேஜார் பண்ணேன்?" என்று எகிறினாள்.

விளக்கிச் சொல்லப் பத்து நிமிஷம் ஆனது.

"சரி, பஸ்ஸா ரயிலா, எதுல வரட்டும்?" என்றாள்.