மாடல் டெஸ்டும் என் மானமும்

மாடல் டெஸ்டில் வாங்கும் மார்க் எந்தக் கணக்கிலும் சேராது; அதில் போகிற மானம் மட்டும் நிஜமாகவே போகும். ஆங்கில இலக்கியம் எடுத்துப் படித்துவிட்டு, திருத்திய பேப்பரை நாலாக மடித்துப் பையின் அடியில் ஒளித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நான் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் போய் பி.ஏ. படித்தவள். போன வருஷம்தான் முடித்தேன்.

மனப்பாடம்

சீனியர் ஒருத்தியின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு ரயிலிலேயே உருப்போடுவேன். பங்காருபேட்டை வருவதற்குள் ஒரு பக்கம், ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் இன்னொரு பக்கம். அர்த்தம் பார்க்கவெல்லாம் நேரம் கிடையாது. முதல் மாடல் டெஸ்டில் ஒரு நாடகத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மூன்று பக்கம் கடகடவென்று எழுதித் தள்ளினேன். நோட்டின் ஓரத்தில் சீனியர் தனக்காகக் குறித்து வைத்திருந்த வரியையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. 'இந்தப் பாயிண்ட் மேடத்துக்குப் பிடிக்கும், கட்டாயம் எழுது' என்பதையும் அழகான ஆங்கிலத்தில் விடைக்கு நடுவே எழுதியிருந்தேன்.

இருபதுக்கு ஆறு. எங்கள் மேடம் ஓசூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர். திட்டியிருந்தால் கூடத் தேவலை. பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பிடிக்கும்தான்மா. ஆனா அது வேற நாடகத்துக்கு."

பதினாறு

அப்பா பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. போகும்போதும் வரும்போதும் இரண்டு பேரும் ஒரே ரயில், ஒரே பெட்டி. அந்தப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் வருஷக்கணக்காக அதே இடத்தில்தான் உட்காருவார்கள். ஒருவர் வீட்டுச் சங்கதி எல்லார் வீட்டுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் நான் ஏறியதும் அப்பா எல்லார் எதிரிலும் மார்க் கேட்டார். வாய் தானாகவே அவர் காதோடு பதினாறு என்றது. பேப்பர் எங்கே என்றதற்கு, மேடமே வைத்துக்கொண்டார்கள் என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு இரண்டிலேயே வியர்த்துவிட்டது.

அப்பா எல்லாரிடமும் பதினாறு என்று சொல்லிக்கொண்டே, அவித்த கடலை வாங்கிப் பெட்டி முழுக்கக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த செல்வி அக்கா கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவர். கடலையை உரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா கண்ணு, இவ்ளோ மார்க் வாங்கிட்டு மூஞ்சிய ஏன் இப்டி வெச்சினு இருக்கே?"

மலை

இரண்டாவது மாடல் டெஸ்டில் பாடத்தில் இல்லாத கவிதை ஒன்றைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். சாயங்காலம், ஒரு சின்ன வெள்ளை மலை, காற்று வருகிறது, ஒருத்தி ஜன்னலருகே நின்று பார்க்கிறாள். அவள் மனநிலை என்ன? இதற்கு எனக்கு நோட்டே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெள்ளை மலை இருக்கிறது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண். காற்றடித்தால் தூள் பறந்து சோற்றுப் பானை வரைக்கும் வரும். ஆகவே அவள் பயந்துபோயிருக்கிறாள், உடனே ஜன்னலைச் சாத்துவாள், கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போடுவாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதல்முறையாக நானே யோசித்து எழுதிய விடை.

நாலு மார்க். அவள் மலையழகில் மயங்கி நிற்கிறாள் என்பதுதான் விடையாம். மேடம் அதை வகுப்பில் படித்துக் காட்டினார். பெங்களூர்ப் பெண்கள் பெஞ்சில் சாய்ந்து சிரித்தார்கள். எங்கள் ஊர் மலை அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்படிக் கூச்சப்பட்டதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "கவிதையில துணியே இல்லையேம்மா, நீ எதை எடுத்து உள்ள போட்ட?"

கையெழுத்து

இரண்டு பேப்பரிலும் அப்பாவின் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்றார் மேடம். நானே போட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன். கை வரவில்லை. அன்று சாயங்காலம் ரயில் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்திலேயே இரண்டையும் அப்பாவிடம் நீட்டினேன். ஆறையும் நாலையும் பார்த்தார். மலை விடையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். "நீ எழுதுனது சரிதான். காத்தடிச்சா சாத்தாம இன்னா பண்ணுவாங்க?" என்றார். பிறகு பேப்பரை என் பையின் மேல் வைத்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பதினாறைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

பெட்டிக்குள் போய் உட்கார்ந்ததும் செல்வி அக்கா வழக்கம்போல் இந்தத் தடவை எவ்வளவு என்றார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா பேசினார். எல்லார் முகத்தையும் பார்த்துத்தான் பேசினார், என்னை மட்டும் பார்க்கவில்லை. "இப்போ நாலு. போன தபா கூட ஆறுதான்பா. நாந்தான் பெருமைக்குப் பதினாறுன்னு ஏத்திச் சொல்ட்டேன். பாப்பாவ ஒண்ணும் கேக்காதீங்க."

பக்கத்து ஆள் பேப்பரைக் காப்பி அடித்து மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என் பொய்யை அப்படியே காப்பி அடித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி ஜனத்தின் முன்னால் மாட்டிக்கொண்டவர் என் அப்பா ஒருவர்தான்.