கியோட்டோவில் ஒரு மாஞ்சோலைக்காரி

ஜப்பானில் சாலையைக் கடக்கப் பச்சை விளக்கு விழுந்ததும், கண் தெரியாதவர்களுக்காகக் கம்பத்திலிருந்து ஒரு குயில் கூவும். ஒசாகாவில் ஐந்து வருடமாகக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. மூன்று மாத விசாவில் வந்திருந்த அம்மாதான் ஒவ்வொரு தடவையும் நடுரோட்டில் நின்று மரத்தைத் தேடுவாள். “ஏட்டி, குயிலு எங்கன இருக்கு?” நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு வந்த அலுப்பில், அவள் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறேன்.

அம்மா மாஞ்சோலை எஸ்டேட்டில் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது அவளும் இறங்கினாள். இப்போது திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வீடு. போனில் பேசும்போதெல்லாம் வெக்கையைத் திட்டினாள். என்னோடே வைத்துக்கொள்ள வழி தேடலாம் என்றுதான் வரவழைத்தேன். அதை அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில் கியோட்டோ போனோம். ரயில் நிலையம் முழுக்க இரும்பும் கண்ணாடியும். கொஞ்சம் பஸ்ஸில் போனால் கறுத்துப்போன மரவீடுகள், அவற்றின் வாசலில் குளிர்பான இயந்திரங்கள். வாடகைக் கிமோனோ கட்டிய பெண்கள் கோயில் முன்னால் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கோயில் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். “சாமி கும்பிட்டது போதும்ட்டி. கால் கடுக்கு.”

பக்கத்துச் சந்தில் ஒரு தேயிலைக் கடை இருந்தது. கடைக்கார அம்மாள் மூங்கில் மத்தால் நுரைக்க அடித்த மச்சா என்ற பச்சைத் தேயிலைப்பொடித் தேநீரை இரண்டு கையாலும் நீட்டினார். ஒரு வாய் குடித்து அம்மா முகத்தைச் சுளித்தாள். பிறகு தட்டிலிருந்த காய்ந்த இலையை உள்ளங்கையில் தேய்த்து மோந்தாள். “நல்ல கொழுந்து. பாத்துப் பறிச்சிருக்காவ. ஆனா பாலு ஊத்தாம எப்படிக் குடிக்காவ?” முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் இருந்தவள் என்றும் சொன்னேன். என் அரைகுறை ஜப்பானிய மொழியில் அது தோட்டத்துக்கே சொந்தக்காரி என்று போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைக்காரர் எழுந்து குனிந்து வணங்கி ஏதோ கேட்டார்.

“என்ன கேக்காவ?”

“நம்ம தோட்டத்து இலை கொஞ்சம் அனுப்ப முடியுமான்னு கேக்காவ.”

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். “அங்கன இப்பம் பறிக்க ஆளில்லன்னு சொல்லு.”

எனக்குச் சொல்ல வரவில்லை. “சரி, அனுப்புகிறேன்” என்று கடைக்காரரிடம் ஜப்பானிய மொழியில் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில், “பொய்தான சொன்ன?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.” அந்த நேரத்தில்தான் எனக்கும் வாய் திறந்தது. “என்கூட இங்கனயே இருந்திரும்மா.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பைய ஆரம்பித்தாள். “அங்கன வெக்கைதான். ஆனா மாடியில எங்கூடக் கொழுந்து பறிச்ச எஸ்தரு இருக்கா. எதிர்த்த வீட்டுலயும் நம்ம எஸ்டேட் லயன் வீட்டு ஆளுவதான். விடிஞ்சா ஒருத்தி மாத்தி ஒருத்தி கதவத் தட்டுவோம். நீ வேலைக்குப் போயிட்டா இங்கன என் கதவ யாரு தட்டுவா?”

ஐந்து வருடத்தில் என் கதவையும் பார்சல் கொண்டுவருபவரைத் தவிர யாரும் தட்டியதில்லை. விசா முடியும் முன்பே அம்மா ஊர் திரும்பினாள்.

போன மாதம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். படிவத்தில் சொந்த நாட்டிலுள்ள ஊரைக் கேட்டிருந்தார்கள். மாஞ்சோலையா திருநெல்வேலியா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அம்மாவுக்கே போன் போட்டேன்.

“திருநெல்வேலின்னு எழுது. எழுதுனா தபால் வந்து சேரணும்லா?” என்றாள்.

எழுதினேன். வேறு யாருடைய படிவத்தையோ நிரப்பிக் கொடுப்பது போலிருந்தது. அடுத்த கட்டம் ஜப்பான் முகவரி. வட்டம், தெரு, கட்டட எண், அறை எண் எல்லாம் ஜப்பானிய எழுத்தில், ஒரு இடத்திலும் நிற்காமல் கை தானாக எழுதி முடித்தது.