அஞ்சலையம்மா சொல்லாத வரி

காலையில் பால் பூத்துக்குப் போனால், ஓர் அம்மா செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு துபாயில் இருக்கும் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். "மொதல்ல முடிய வெட்டுடா, பாக்க சகிக்கல." பையன் சிரிக்கிறான். நடுவில் ஆளே இல்லை. நான் பாலை மறந்து நின்றுவிட்டேன். ஒரு காலத்தில் அந்த நடு ஆளாக இருந்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நிலக்கரி மைன்ஸ் ஸ்டோரில் கான்ட்ராக்ட் கிளார்க். பர்மனென்ட் ஆகும்வரை உலகத்தைத் திருத்தலாம் என்று மாலையில் வாசகசாலை, கூட்டம், போஸ்டர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். (நம்புங்கள். இப்போதுதான் டாக்டர் சீட்டு மாதிரி ஆகிவிட்டது.) எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் கடிதம் எழுதவும் படிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டீயும் வறுத்த முந்திரியும் கிடைக்கும். முந்திரி வறுபடும் வாசனை வந்தால் இன்றைக்கும் நீல இன்லேண்டு லெட்டர்தான் ஞாபகம் வருகிறது. கூடவே எதிர் குவார்ட்டர்ஸ் அஞ்சலையம்மா.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவருக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை, கையெழுத்துப் போடுவதோடு சரி. ஒரே மகன் குமரவேல் என்னோடு படித்தவன். கால்பந்தில் ஒருநாளும் எனக்குப் பந்து தள்ளியதில்லை, கஞ்சப் பயல். பட்டாளத்தில் சேர்ந்தான். எண்பதுகளின் கடைசியில் நம் படை இலங்கைக்குப் போனபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஒரே கோபம். அங்கே சாகிறவர்கள் நம் ஜனங்கள் என்று தினமும் தொண்டை வறளப் பேசுகிறவன் நான். என் சினேகிதனே அங்கே துப்பாக்கியோடு நிற்பது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அவன் பிழைத்துக் கிடக்கிறானா என்ற கவலையைவிட அது பெரிதாக இருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலையம்மா முந்திரியை வறுத்துக்கொண்டே சொன்னார்.

"எழுதிக்கினு வா தம்பி. நேரத்துக்குத் துன்னு. ஈரத்துல படுக்காத. சண்டன்னா முன்னால போயி நிக்காத, பின்னாலயே இருன்னு எழுது."

எழுதினேன். கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. 'நம் ஜனங்களைச் சுடவா உன்னைப் பெற்றேன்?' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். நான் சொன்னதாக இல்லை, அம்மா சொன்னதாக. எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு செகண்ட் ஷிஃப்டுக்குப் போனேன்.

மூன்று வாரத்தில் அவன் இறந்த செய்தி வந்தது. உடல் வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்களாம். பிறகு அவனுடைய தகரப் பெட்டி வந்தது. சட்டை, ஷேவிங் பிரஷ், அம்மாவின் கடிதங்கள். அம்மா கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தார்.

"நான் சொன்னதெல்லாம் திரும்பி வந்துருச்சி தம்பி. கடசி லெட்டருல ஒரு வரிக்குக் கோடு போட்டு வெச்சிருக்கான் பாரு. என்னா சொன்னேன் நான்?"

நான் சேர்த்த வரிக்கு அடியில், சிவப்பு மையில், இரண்டு தடவை அழுத்திப் போட்ட கோடு. என் கையெழுத்து அவனுக்குத் தெரியும், என் வாய்க்கொழுப்பும் தெரியும். இது இவன் வேலைதான் என்று கண்டுபிடித்திருப்பான் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படிக் கண்டுபிடித்தவன் கோடு போட்டிருப்பானா?

"'முன்னால போயி நிக்காத'ன்னு சொன்னீங்களேம்மா. அதுதாங்க."

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கோடு போட்டு வெச்சிக்கினும் போயி நின்னானே. என் பேச்ச மதிக்கலயே."

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னார். கணவர் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு கம்மாபுரம் பக்கம் சொந்த ஊருக்குப் போகிற அன்றும் சொன்னார். நான் லாரியில் பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தேன். பர்மனென்ட் ஆன பிறகாவது போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆனேன், போகவில்லை.

அடுத்த மாதம் எனக்கே ரிடையர்மென்ட். போன வாரம்தான் துணிந்து கிளம்பினேன். அந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது மைன்ஸ் பள்ளம். ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து அஞ்சலையம்மாவைப் பற்றி விசாரித்தேன்.

"அது பூடுச்சிங்களே, ரொம்ப வருசமாச்சி. 'எம்புள்ள எம்பேச்ச கேக்கல'ன்னு கடசி வரைக்கும் அவனத் திட்டிக்கினே கெடந்துச்சி" என்றார்.