வெள்ளிக்கிழமைக்காக வைத்த பொட்டு

கபடியில் கைகாலை விடக் கண்தான் முக்கியம் என்று எங்கள் கல்லூரி பி.டி. மாஸ்டர் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்றிலிருந்து பாளையங்கோட்டை வெயிலில் தோழிகள் மூக்கு வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு எதிரே நிற்பார்கள். நான் பாடிக்கொண்டு போய்த் தொட வேண்டும்.

“ஏட்டி, மூஞ்சி பொய் சொல்லும், காலு சொல்லாது. காலப் பாரு!” என்று மாஸ்டர் கத்துவார். துப்பட்டாவுக்குள் அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

எனக்கு வேறு வழியில்லை. மாவட்ட அணியில் எடுத்தால் படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சு கிடையாது, இல்லையென்றால் வெள்ளிக்கிழமையே அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரலாம் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அம்மாவோ அந்த மாப்பிள்ளையின் போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

தேர்வுப் போட்டியன்று காலையில் அம்மா என் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். மிளகளவு வைத்திருந்தால் பரவாயில்லை, நாவல்பழ அளவு.

“கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுட்டி. வெள்ளிக்கெழம அவுக வாராக. ஊர்க்கண்ணு பட்டு மொகம் வாடிறக் கூடாதுல்லா.”

என் ஆட்டத்துக்காக அல்ல, சம்பந்தத்துக்காக! வழியெல்லாம் துடைத்தேன். விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த மை, போகவில்லை.

களத்தில் மாஸ்டர் சொன்னபடி கால்களையே பார்த்துக்கொண்டு பாடிப் போனேன். ஒரு காலும் அசையவில்லை. சந்தேகப்பட்டு நிமிர்ந்தால், எதிரணி மொத்தமும் என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் காலைப் பார்க்க வேண்டியவர்கள்! ஒருத்தியைக் காலால் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடி வந்தேன்.

“அவ கன்னத்தப் பாக்காதீங்கட்டி!” என்று அவர்கள் கேப்டன் கத்தினாள். அப்படிச் சொன்ன பிறகு யாரால் பார்க்காமல் இருக்க முடியும்? அடுத்த முறை அந்தக் கேப்டனையே தொட்டேன்.

அணியில் என் பெயரை வாசித்ததும், எல்லாம் கண் பயிற்சியின் மகிமை என்று மாஸ்டர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. வர வேண்டாம் என்று அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டுவிட்டார். அம்மா மாப்பிள்ளை போட்டோவை எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டே அழுதாள்.

“எவ கண்ணு பட்டுச்சோ, நல்ல சம்பந்தம் தட்டிப் போச்சே. நான் வச்ச பொட்டுகூடக் காக்கலையே!”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

“அடுத்த ஆட்டத்துக்கு ரெண்டு கன்னத்துலயும் வச்சி விடும்மா,” என்றேன்.