அம்மாவின் மூக்கில் பச்சை

அம்மாவின் படம் என்று மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான். கறுப்பு வெள்ளை. மற்றவையெல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. அம்மா போய் ஒரு வருடம், ஆட்டத்திவசத்துக்கு மாலை போட ஒரு முகம் வேண்டும். ஸ்டூடியோவில் பெருப்பித்தால் போதும் என்றேன். என் கணவர் விடவில்லை. நிறத்தோடு தானே கீறித் தருவாராம். பம்பலப்பிட்டியில் ஞாயிறு தோறும் ஓவிய வகுப்புக்குப் போகிறவர்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு மாடியில் ஓர் அறையும் அடுப்படியும். அந்த அறையில் படம் வளர்ந்தது. பார்த்தால் முகமில்லை. புள்ளிகள். கன்னத்தில் செம்மஞ்சளும் நீலமும். மூக்கில் பச்சை.

“இஞ்சேருங்கோ, அம்மாவுக்குக் கொப்புளிப்பான் போட்டமாதிரிக் கிடக்கு.”

“நிறங்களைக் குழைச்சா மங்கிப்போகும். புள்ளியாப் பக்கத்தில பக்கத்தில வச்சா கண்ணே கலக்கும். வெளிச்சத்தைப் பற்றி விஞ்ஞானியள் எழுதினதை வாசிச்சுத்தான் பிரான்சில இப்பிடிக் கீறத் தொடங்கினவை.”

“அவை கீறட்டும். இது என்ர அம்மா.”

“தள்ளி நிண்டு பாரும்.”

தள்ளினேன். முதுகு அலுமாரியில் முட்டியது. புள்ளி புள்ளியாகவே இருந்தது. அலுமாரியை நகர்த்தச் சொன்னார். எங்கே நகர்த்துவது? அந்த விஞ்ஞானிகள் பெரிய வீட்டில் இருந்திருப்பார்கள்.

திவசத்துக்கு முதல் நாள் பெயின்ற் காயவில்லை என்று படத்தை ஜன்னலில் வைத்தார். முகம் வெளியே, ஒடுங்கிய ஒழுங்கைத் தெருவின் பக்கம். எனக்குப் பொறுமை போய்விட்டது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு இறங்கினேன்.

எதிர்மாடி ஜன்னலில் முஸ்லிம் அக்கா. அம்மாவும் அவவும் ஒழுங்கைக்கு மேலால் கதைத்துக் கழித்த பொழுதுகள் எத்தனையோ.

“தங்கச்சி! உம்மாவ வெயில்ல வெச்சிட்டு எங்க போறீங்க? மேல வந்து பாருங்க.”

அவவின் மாடிக்கு ஏறிப்போய் ஜன்னலால் பார்த்தேன். அம்மா. உலை கொதிக்கக் காத்து நிற்கும்போது வரும் அந்தச் சிடுசிடுப்பு. பச்சையைக் காணவில்லை. அந்த இடத்தில் மூக்கின் நிழல்.

“இனி அவ எனக்குத்தான் சொந்தம்” என்றா அக்கா.

எதிரே படத்துக்கு மேலால் கணவரின் தலை. “தெரியுதா?”

“தெரியுது!” என்று கத்தினேன். “இப்ப திவசத்தை ஆரின்ர வீட்டில செய்யிறது?”

ஸ்டூடியோவுக்குப் போனேன். மாலை கறுப்பு வெள்ளைக்குத்தான் போட்டோம். ஐயர் போனபின், வந்தவர்கள் சாப்பிடும்போது, நான் எதிர்மாடிக்குப் போய் நின்றேன்.

படம் இன்றும் எங்கள் ஜன்னலில்தான். அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் மற்றவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.